தொட்டிக்குள் சிவப்பு மை

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் அரைமணி. வைத்தது அக்கா. எந்த வேலையைச் சொன்னாலும் "அரை மணி நேரத்துல முடிச்சிடறேன்" என்று நான் சொல்வேனாம். மின்விசிறியைத் துடைக்க அரை மணி, கதவுத் தாழ்ப்பாளை மாற்ற அரை மணி, ரேடியோவைக் கழற்றி மாட்ட அரை மணி. கழற்றிய மின்விசிறி மூன்று மாதம் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்ததையும் அவள் விடாமல் சேர்த்துச் சொல்வாள். அக்கா பேச்சில் பொய்யே இருக்காது. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

அப்பா போன பிறகு அம்மா அக்கா வீட்டில்தான் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. ஒரு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கடைசியில் அக்காதான் எப்படியோ மோப்பம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டி. ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஒரு சொட்டு சிவப்பாகப் பார்த்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் அம்மாவை முறைத்துக்கொண்டே சொன்னாராம்.

சொன்னாராம் என்கிறேன், ஏனென்றால் நான் அங்கே இல்லை. நண்பர்களோடு பைக்கில் மலையேறப் போயிருந்தேன். ஆபரேஷன் தேதியை முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டார்கள், எனக்குச் சிக்னல் கிடைக்கவில்லை, நான் வந்து சேர்ந்தபோது அம்மா கண் விழித்து ஒரு நாள் ஆகியிருந்தது. இதில் என் தப்பு கால்வாசிதான். மீதி முக்கால்வாசியை அக்காவுக்கு இரண்டு வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் பார்சல் கிடங்கில் வேலை நிரந்தரமாகி, தனியாக ஒரு வீடும் பிடித்ததும் முதல் காரியமாக அம்மாவைக் கேட்டேன். என்னோடு வந்து இரு, நிரந்தரமாக. அக்காதான், முதலில் ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். மாத்திரை டப்பா, அதில் எந்தக் கட்டத்தில் எது, ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணீர் குடிக்க வேண்டும், எதைத் தூக்கக் கூடாது என்று இரண்டு பக்கம் எழுதிக் கையில் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை ஃபிரிஜ் கதவில் ஒட்டினேன். அதை நான் ஒட்டினேன் என்பதை அக்காவுக்குப் போட்டோ எடுத்தும் அனுப்பினேன்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. எனக்குக் காலை ஷிஃப்ட், மதியம் இரண்டரைக்கு வீட்டில் இருப்பேன். அம்மா எனக்காகச் சாப்பிடாமல் காத்திருப்பாள். கிடங்கில் இருக்கும் மேஸ்திரி எப்படிக் குறட்டை விடுவார் என்று நான் நடித்துக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். தையல் போட்ட இடம் வலிக்குதுடா, நிறுத்து என்பாள். நான் நிறுத்த மாட்டேன்.

பிறகு டாய்லெட்டில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

வீட்டில் இருப்பது ஒரே டாய்லெட். கோப்பைக்குப் பின்னால் பீங்கான் தொட்டி, மூடியில் அமுக்குகிற பொத்தான். அமுக்கினால் தண்ணீர் போகும், தொட்டி நிறையும், நின்றுவிடும். இப்போது நிற்கவில்லை. யாரோ பக்கத்து அறையில் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதுபோல ஒரு ஸ்ஸ்ஸ். அம்மா அதைப் போனில் அக்காவிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"அங்க டாய்லெட்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்காமே."

"யார் சொன்னது?"

"பக்கத்து வீட்டுக்காரன் போன் போட்டான். யார் சொல்லுவா? அம்மாதான். ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணு."

"இதுக்கு எதுக்கு ஆளு? அரை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் மூக்கால் சிரித்தது கேட்டது.

அடுத்த ஞாயிறு அவளே நேரில் வருவதாகச் சொன்னாள். மாதமும் முடிகிறது, வீட்டைப் பார்த்துவிட்டு அம்மா இங்கே இருக்கலாமா, கையோடு கூட்டிக்கொண்டு போவதா என்று முடிவு செய்யலாம் என்றாள். அம்மாவுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும், டாய்லெட் ஒழுங்காக இல்லாத வீட்டில் அவளை விட முடியாது. குரலில் கோபமெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆக எனக்கு ஏழு நாள். அந்தச் சத்தம் நின்றால் அம்மா என்னோடு இருப்பாள். நிற்காவிட்டால் அரைமணி அரைமணியாகவே இருந்து சாக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை தொட்டியைத் திறந்தேன். பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே இரண்டே சமாச்சாரம். ஓரத்தில் தண்ணீர் உள்ளே வருவதற்கு ஒரு வால்வு, மிதவையோடு. நடுவில் கோபுரம் மாதிரி ஃப்ளஷ் வால்வு, அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர். பொத்தானை அமுக்கினால் கோபுரம் எழும்பி வழிவிடும், விட்டால் வாஷரோடு உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். வாஷர் தேய்ந்திருந்தால் கோப்பைக்குள் கசியும். கசியக் கசிய மிதவை இறங்கும், உள்ளே வரும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஸ்ஸ்ஸ் என்னும். அல்லது உள்ளே வரும் வால்வே கெட்டுப்போய் மூடாமல் இருந்தாலும் ஸ்ஸ்ஸ்தான். எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்காகப் பதினோரு வீடியோ பார்த்தேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு அழகான ஒரு எந்திரத்தின் மேல் இத்தனை வருஷம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்றுகூடத் தோன்றியது.

வேலை முடியும்வரை பொத்தானை யாரும் தொடக் கூடாது, வாளித் தண்ணீர்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். வாளி தூக்கக் கூடாது என்று ஃபிரிஜ் கதவில் எழுதியிருந்தது. அரை வாளியாகப் பிடித்து வைக்கிறேன் என்றேன். அம்மா, எதுக்குடா உனக்கு இந்த வேலை, ஒரு ஆளைக் கூப்பிடேன் என்றாள். அவளும் அக்கா கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் நிறத்தைக் கலந்துவிட்டு, எதையும் தொடாமல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷர் கசிகிறது. வீடியோவில் நீலம் போட்டார்கள். என்னிடம் இருந்தது சிவப்பு. கிடங்கில் கண்ணாடிச் சாமான் பெட்டிகள் மேல் 'உடையும் பொருள்' என்று முத்திரை குத்துவது என் வேலை, அதற்கான மை. ஒரு சின்ன பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் மையை ஊற்றினேன். புகை மாதிரிச் சுருண்டு இறங்கியது. மூடியை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்ப் பன்னிரண்டாவது வீடியோ பார்க்க உட்கார்ந்தேன். நடுவில் டாய்லெட் கதவுச் சத்தம் கேட்டது. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. அம்மா எழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

மையைப் பற்றி அவளிடம் நான் சொல்லவே இல்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லத் தோன்றவில்லை.

அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தேன். கோப்பையில் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. ஒரு துளி நிறம் இல்லை. அப்படியானால் வாஷர் நன்றாக இருக்கிறது, உள்ளே வரும் வால்வுதான் குற்றவாளி. பொத்தானை அமுக்கி மைத் தண்ணீரைப் போகவிட்டு, விசிலடித்துக்கொண்டே ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினேன். போகும்போது அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கட்டும் என்று கதவை மெதுவாகச் சாத்தினேன். எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்த தருணம் அது.

கடைக்காரருக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், கண்ணுக்கு இறங்காது. என்னைப் பார்த்ததும் இஞ்சினியர் சார் வாங்க என்றார். இரண்டு வாரம் முன்னால் குழாய் மாற்ற வந்து, மூன்று முறை தப்பான அளவு வாங்கிப்போனதன் மரியாதை. உள்ளே வரும் வால்வு வேண்டும் என்றேன். எப்படி இதுதான் என்று தெரியும் என்று கேட்டார். சோதனை செய்துவிட்டேன் என்றேன். ஓ, சோதனையெல்லாம் செய்வீங்களா என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை அதை மாற்றினேன். பழையதைக் கழற்ற இடம் பற்றவில்லை. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் என் கை மாட்டி, முழங்கை சிராய்ந்து, சட்டை முழுக்க நனைந்து, ஒரு வழியாகப் புதுசு உட்கார்ந்தது. திருப்பி மை ஊற்றினேன், காத்திருந்தேன். அம்மா நடுவில் ஒருமுறை போய்வந்தாள். கோப்பை சுத்தம். ஆனால் ஸ்ஸ்ஸ் நிற்கவில்லை. புது வால்வு, அதே சத்தம். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மறுபடி மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். தொட்டியில் நிறம் ஊற்றியதைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

அப்போது அம்மா வாசலில் வந்து நின்றாள். கால்தான் எனக்குத் தெரிந்தது, ஒரு கால் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு.

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அரை மணி நேரம்மா. இதை முடிச்சிட்டு வந்துடறேன்."

கால் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போய்விட்டது.

நான் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. என்னம்மா சொல்ல வந்தே என்று கேட்டேன். மறந்துபோச்சு என்றாள். என் விரல் நுனியைப் பார்த்துவிட்டு, என்னடா இது சிவப்பா என்றாள். ஆபீஸ் மை என்றேன். தினமும் அந்தக் கையோடுதான் வருகிறேன், அதனால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் தட்டில் சாப்பாடு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பசி இல்லை என்றாள். நான் புது வால்வில் மிதவையின் உயரத்தை எப்படிச் சரிசெய்வது என்று அவளுக்கு விவரமாக விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் பிரித்து, துடைத்து, மாட்டி, தொட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மூன்றாவது முறை மை ஊற்றினேன். மூன்றாவது முறையும் கோப்பை பளபளவென்று இருந்தது. அன்று மாலை அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டில் என் ஃபைல் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எந்த ஃபைல் என்றேன். ஆஸ்பத்திரி ஃபைல் என்றாள். அதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, பழைய வாஷரைத் திருப்பிப் போட்டால் பொருந்துமா என்று பார்க்கப் போனேன். பின்னால் அவள் போனில் பேசுவது கேட்டது. என் காதில் விழுந்தது இரண்டே வார்த்தைதான். ஒரு "ம்", பிறகு இன்னொரு "ம்".

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், கட்டிலின் மேல் பை திறந்திருக்கிறது. அம்மா துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போய்விடுகிறேன் என்றாள். ஏன் என்றேன். சும்மாதான், அங்கேயே பழகிவிட்டது என்றாள். மாதம் முடியவில்லையே என்றேன். முடிந்த மாதிரிதானே என்றாள். முகத்தைத் திருப்பாமல் ஒரு ரவிக்கையை மூன்று முறை மடித்தாள்.

நான்கு நாளாகக் கை கால் சிராய்த்து, ஈரத்தில் ஊறி, யாருக்காக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். இவளோ டாய்லெட் சரியாகுமா ஆகாதா என்றுகூடப் பார்க்காமல் மூட்டை கட்டுகிறாள். அக்காவும் இவளும் போனில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள், பரீட்சைக்கு முன்னாலேயே மார்க் போட்டாயிற்று.

"போறதுன்னா போ. எப்பவும் உனக்கு அவ வீடுதான் வீடு. இங்க வந்து உனக்கு என்ன குறைஞ்சு போச்சு, சொல்லு. நான் ஒரு வால்வுகூட மாத்த லாயக்கில்லைன்னு உன் பொண்ணு சொல்லுவா. நீயும் அதையே சொல்லிட்டுப் போ."

"ஒண்ணும் குறையலைடா."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்க? நாலு நாளா வீட்ல எழவு விழுந்த மாதிரி."

சொன்னேன். இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது நடுவில் மாட்டிக்கொண்டது. நான் போய் எடுத்துவிடவில்லை.

சனிக்கிழமை வீம்புக்காகத்தான் கடைக்குப் போனேன். அவள் போகட்டும், ஆனால் அக்கா வரும்போது இந்தச் சத்தம் இருக்கக் கூடாது. கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புது வால்வு போட்டும் சத்தம் வருகிறது, மை போட்டுப் பார்த்தால் கோப்பையில் வரவில்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன். அவர் ஒரு பெட்டியிலிருந்து வாஷரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதை எடுத்துட்டுப் போங்க."

"இல்லங்க, வாஷர் நல்லாருக்கு. மை வரலைங்கிறேன்."

"புது வால்வும் கத்துதுன்னா தொட்டியில தண்ணி குறையுதுன்னு அர்த்தம். தொட்டிக்கு வெளிய ஒழுகலை. அப்ப குறையற தண்ணி கோப்பைக்குத்தான் போகணும், வேற எங்க போகும், இஞ்சினியர் சார்? மை வந்தே தீரணும்."

"வரலையே."

"வந்திருக்கும். நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி யாராவது தண்ணி ஊத்திக் கழுவி விட்டிருப்பாங்க. வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா மட்டும்தான்."

"அப்ப அவங்கதான். என்ன கலர் மை போட்டீங்க?"

சிவப்பு என்றேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். அவர் அப்படிச் செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பெரியவங்க இருக்கற வீட்ல சிவப்பா போடுவாங்க? அவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னுல்ல பயந்துக்குவாங்க."

வாஷரைக் கையில் பொத்திக்கொண்டு ஓடினேன். கடையிலிருந்து எங்கள் தெரு ஏழு நிமிஷம். சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் இடித்துக்கொண்டேன், எதிரே வந்த ஒருவர் ஏதோ திட்டினார். செவ்வாய் கதவுச் சத்தம், புதன் வாசலில் நின்ற கால், வியாழன் ஃபைல். ஒவ்வொன்றாக வந்து என் கூடவே ஓடின.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அம்மா, அது மை. டாய்லெட்ல நீ பார்த்தது மை. நான்தான் ஊத்தினேன்.

அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து டாய்லெட்டுக்குக் கூட்டிப்போனேன். மூடியைத் திறந்து, பாட்டிலில் மிச்சமிருந்த மையை அவள் கண் முன்னால் ஊற்றினேன். கொஞ்ச நேரம் இருவரும் கோப்பையைப் பார்த்தபடி நின்றோம். பின்பக்கச் சரிவில் ஒரு நூல்போல இளஞ்சிவப்பு இறங்கி, தண்ணீரில் விழுந்து, மெல்லப் பரவியது. நான் நான்கு நாளாகத் தேடிய கசிவு.

அம்மா அங்கே இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை ஊத்தின?"

"மூணு."

"நானும் மூணு தடவைதான் பார்த்தேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் நன்றாக இருக்கிறாள். அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஏம்மா என்கிட்ட சொல்லலை என்று கேட்டேன்.

"சொல்லத்தான் புதன்கிழமை வந்தேன். நீ இதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்த. அரை மணி நேரம்ன."

"அப்புறம் கேட்டேனே."

"ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கேட்ட. அதுக்குள்ள எனக்குச் சொல்ல மனசு இல்ல. நீ இவ்வளவு ஆசையா என்னை வச்சுக்கணும்னு பண்றியே, வந்த இடத்துல திரும்பவும் ஆஸ்பத்திரியான்னு இருந்துச்சு. உன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு ரெண்டு ரெண்டு தடவை தண்ணி ஊத்தி விட்டேன்."

சரி, விடும்மா, முடிந்துபோச்சு என்றேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம், நீ இங்கேயே இரு, பையை நான் பிரித்து வைக்கிறேன், இன்றைக்கே வாஷரை மாற்றிவிடுகிறேன், இதோ வாங்கிவிட்டேன் என்று உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். வாஷர் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு நானா ஒண்ணும் சொல்லலை. தெரியுமா உனக்கு? ஃபைல் எங்கன்னு மட்டும்தான் கேட்டேன். அவ என்னம்மா ஆச்சுன்னா. ஒண்ணும் இல்லைன்னேன். குரல்லயே கண்டுபிடிச்சு, மறுபடி சிவப்பா போகுதான்னா. நான் ம் போட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன், இப்பவே வரேன்னா. நான்தான் வேணாம்னேன், உனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்கா, அதைக் கெடுக்க வேணாம்னு."

"அம்மா."

"நாலு நாள் நான் சாகப் போறேன்னு நினைச்சுக்கிட்டு இந்த வீட்ல நடமாடிக்கிட்டு இருந்தேன். உன் எதிர்லதான் உக்காந்து சாப்பிட்டேன். நீ மிதவையைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்த."

குரலை உயர்த்தவே இல்லை. சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரல். நான் வெள்ளிக்கிழமை பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எழவு என்று சொன்னதற்குத் தனியாகக் கேட்டேன். அவள் கையை வீசி அதைத் தள்ளிவிட்டாள், கோபத்தில் பேசுவதுதானே என்றாள். என் மேல் கோபம் எதுவும் இல்லை என்றாள். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை போய், அங்கே நின்று சொன்னாள்.

"இது மை. சரி. நிஜமாவே ஒரு நாள் வந்தா? அன்னைக்கும் நீ எதையாவது கழட்டிக்கிட்டுதான் இருப்ப. அந்த பயம்தான்டா எனக்கு."



அன்று மாலை வாஷரை மாற்றினேன். தண்ணீரை அடைத்து, தொட்டியைக் காலி செய்து, கோபுரத்தைக் கால் சுற்றுத் திருகி வெளியே எடுத்தேன். பழைய வாஷரின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளவு. உட்காரும் இடத்தில் படிந்திருந்த உப்பைத் துணியால் தேய்த்து எடுத்தேன். புதியதைப் போட்டேன், மாட்டினேன், திறந்துவிட்டேன். தொட்டி நிறைந்தது. சத்தம் நின்றது. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வேலையை அரை மணிக்குள் முடித்திருக்கிறேன், அதை அம்மாவிடம் போய்ச் சொல்ல முகமில்லை.

அக்கா ஞாயிறு காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள், கக்கத்தில் ஃபைலோடு. மையைப் பற்றி அம்மா முன்னாலேயே போனில் சொல்லியிருந்தாள் போல. அக்கா என்னைத் திட்டுவாள் என்று இரவெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அம்மாவின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், போகிற வழியில் எதற்கும் ஒரு பரிசோதனை கொடுத்துவிடலாம் என்றாள். பிறகு டாய்லெட்டுக்குப் போனாள். பொத்தானை அமுக்குகிற சத்தம், தண்ணீர் போகிற சத்தம், நிறைகிற சத்தம், அப்புறம் சுத்தமான அமைதி. நானும் அம்மாவும் கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அக்கா கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நல்லா செஞ்சிருக்கடா" என்றாள்.

கிண்டல் இல்லை. கிண்டல் இருக்கிறதா என்று நன்றாகத் தேடிப் பார்த்தேன், இல்லை. அரைமணி என்றுகூடக் கூப்பிடவில்லை. ஃபிரிஜ் கதவிலிருந்து அந்த இரண்டு காகிதத்தையும் கிழியாமல் உரித்து மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள்.

பையை நான்தான் கீழே தூக்கிப்போனேன். ஜிப் இன்னும் பாதியில்தான் மாட்டியிருந்தது. வண்டியில் ஏறும்போது அம்மா என் முழங்கைச் சிராய்ப்பைத் தொட்டுப் பார்த்து, மருந்து போடு என்றாள். அதைக்கூட அவள் பார்த்திருக்கிறாள்.

மாலையில் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறதாம், அக்காதான் எடுத்துச் சொன்னாள். அம்மாவிடம் கொடு என்றேன்.

"அம்மா, சாப்பிட்டியா?"

"ம்."

"நல்லா இருக்கியா?"

"ம்."

போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன், தொட்டியில் காதை வைத்துக் கேட்டேனே, அதே மாதிரி. முதல் ம்முக்கும் இரண்டாவது ம்முக்கும் ஏதாவது வித்தியாசம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அம்மா, சரிடா, வைக்கட்டுமா என்றாள்.